மஞ்சள் பொட்டுக் கருவளையல்

ஐந்தாம் அத்தியாயம்

நீலப் பென்சில் தீர்ந்துவிட்டது.

"இது மூணாவதுங்கண்ணா," என்று விரலளவுகூட இல்லாத பென்சில் கட்டையைத் தூக்கிக் காட்டினான் சிக்கந்தர். "இந்தப் பாலுசாமி இன்னும் நாலு தலையங்கம் எழுதினாருன்னா நாம பென்சில் கம்பெனியே வெக்கோணுமுங்க."

துப்பறியும் நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. சிரிப்பு என்பது அவருக்குத் தீபாவளிக்குத் தீபாவளி வருகிற சமாச்சாரம். தபாலாபீஸில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டி, காணாமல் போன கடிதங்களைத் தேடித் தேடியே துப்பறிகிற ஆளாகிவிட்டவர். கோயமுத்தூர் ஒப்பணக்காரத் தெருவில் ஒரு ஜவுளிக் கடையின் மாடி அறைதான் அவருக்கு ஆபீஸ். 1938-ம் வருஷம், ஆனி மாதம், புதன்கிழமை காலை அது. அந்த அறையில் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கத் 'தோட்டக்குரல்' என்ற வாரப் பத்திரிகையின் முப்பத்திரண்டு இதழ்கள் பாய் விரித்த மாதிரி கிடந்தன.

காரியம் இதுதான். வால்பாறைக்கு மேலே கரடிச்சோலை எஸ்டேட் என்று ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே நடப்பதையெல்லாம் வாராவாரம் புட்டுப்புட்டு வைக்கிறது தோட்டத் தொழிலாளர் நலச் சங்கம் நடத்துகிற இந்தத் 'தோட்டக்குரல்'. சங்கத்தின் காரியதரிசி பாலுசாமிதான் ஆசிரியர். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா வெறும் மாவு, அதனால் பதினோரு கைக்குழந்தைகள் செத்துப் போயின என்று இரண்டு வாரத்துக்கு முந்திய இதழில் பெயர் பெயராகப் போட்டுவிட்டார். எஸ்டேட்காரர்கள் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. தோற்றால் பாலுசாமிக்கு ஜெயில், பத்திரிகைக்குப் பூட்டு. மலையில் மாவு உருண்டை தின்கிற குழந்தைகளைப் பற்றிப் பிறகு யாரும் மூச்சுவிட மாட்டார்கள்.

இந்த மாடிப்படியை ஏறி வந்தவர் எஸ்டேட்டின் வக்கீல் ரங்கராஜ். வெள்ளை வேட்டி, வெண்ணெய் மாதிரிப் பேச்சு. "கம்பெனிக்காரங்க நல்லவங்களுங்க. பத்திரிகையில வர்றது நெசமா, சாய்வா, சுத்தப் பொய்யான்னு நடுவால நின்னு ஒருத்தர் பார்த்துச் சொல்லட்டும்ங்கறாங்க. நெசம்னா கேஸை வாபஸ் வாங்கிப்போட்டு, நல்ல டாக்டரா ஒருத்தரை மலைக்கு அனுப்பீருவாங்க," என்றார். நஞ்சுண்டனுக்கு அந்த வார்த்தை பிடித்துப் போயிற்று. சிக்கந்தருக்கும்தான், பொய் சொல்லுவானேன்.

நஞ்சுண்டனின் முறை எளிது. வசவு, ஒப்பாரி, கோஷம் எல்லாவற்றுக்கும் நீலக் கோடு. போய்ப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லக்கூடியவற்றுக்குச் சிவப்புக் கோடு. 'ரத்தம் உறிஞ்சும் அட்டைகளான கங்காணிகள்' என்றால் நீலம். 'செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்குச் சாமியாத்தாளின் ஏழு மாதப் பெண் குழந்தை இறந்தது' என்றால் சிவப்பு. முதல் பக்கம் முழுவதும் நீலம், நாலாம் பக்கம் முழுவதும் சிவப்பு. முப்பத்திரண்டு இதழும் அதே லட்சணம்தான்.

சிவப்பைச் சரிபார்க்கப் போனவன் சிக்கந்தர். கோட்டைமேட்டில் வளையல் கடைக்காரர் மகன். வயது முப்பத்தைந்தாகியும் வளையல் பெட்டியைத் தோளில் மாட்டினால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வளையல்காரனையும் துணிக்காரனையும் எஸ்டேட் லயத்துக்குள், அதாவது கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குள், விடுவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அவன் லயம் லயமாகத் திரிந்து, பத்திரிகையில் பெயர் வந்திருந்த நாற்பத்தியொரு பெண்களையும் தேடிப் பிடித்துப் பேசியிருந்தான்.

"கொயினா என்னாச்சு? அதைச் சொல்லு மொதல்ல," என்றார் நஞ்சுண்டன்.

"ஒரு அம்மணி முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்துச்சுங்க. கேட்டு வாங்கி நாக்குல வெச்சுப் பார்த்தேன்."

"கசந்துதா?"

"நம்மூர்க் கலியாண ஊட்டுப் பாயசம் அதைவிடக் கசக்குமுங்க."

நஞ்சுண்டன் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பால் ஒரு சரி போட்டார். கொயினாவுக்குக் கசப்பு இல்லையென்றால் அது கொயினாவே இல்லை. இதற்கு டாக்டர் எதற்கு? மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு சிவப்பு வரிகள். அதில் நூற்றொன்பது அப்பழுக்கில்லாமல் சரி. தப்பாக இருந்த மூன்றும் ஆண்களைப் பற்றியவை. ஒருவனுக்குக் கை ஒடிந்ததைக் கால் என்று போட்டிருந்தது, அந்த மாதிரி.

"இன்னொண்ணுங்கண்ணா. மாசி மாசம் மரம் சாஞ்சு ரெண்டு ஆம்பளைங்க அங்கேயே போயிட்டாங்களாம். லயத்துல அல்லாரும் சொல்றாங்க. பத்திரிகையில ஒரு வரி இல்லீங்க."

நஞ்சுண்டன் நிமிர்ந்தார். அழவைக்கிற சாவாகப் பொறுக்கிப் பொறுக்கிப் போடுகிறார்கள், குழந்தை செத்தால் செய்தி, ஆண்பிள்ளை செத்தால் செய்தியில்லை என்று வக்கீல் சொன்னது இதைத்தான். அப்படிப் பொறுக்குகிற கை மற்றதிலும் விளையாடாது என்று எப்படிச் சொல்வது?

"வா, அந்தப் பாலுசாமியையே கேட்டுருவோம்," என்று மேல்துண்டை எடுத்தார்.

ரங்கே கவுடர் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சுக்கூடம். பாலுசாமி ஆறடி ஆள். முழங்கை வரை மை. அவரே அச்சுக் கோத்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனி ஆளுங்களா நீங்க?"

"கம்பெனி கூப்பிட்டு வந்த ஆளு. கண்ணும் காதும் என்னுதுதான்," என்றார் நஞ்சுண்டன். "ஏனுங்க, இத்தனை வசவு எதுக்கு? உங்க வசவே உங்க நெசத்தை மறைக்குதே."

பாலுசாமி கோத்துக்கொண்டிருந்த எழுத்தைக் கீழே வைத்தார். "செத்த புள்ளைங்க பேரை நாலாம் பக்கத்துல போடறேனுங்க. மொதப் பக்கத்துல வைஞ்சாத்தான் நாலாம் பக்கம் வரைக்கும் திருப்பறாங்க. வையாம மூணு மாசம் போட்டுப் பார்த்தேன். ஒரு நாயும் வாங்கலை."

"கடுதாசியில வர்றதை மாத்துவீங்களா?"

"பேரு, நாளு, வயசு, எத்தனை பேருங்கறது, இது நாலையும் நான் ஒரு நாளும் தொட்டதில்லீங்க. வசவு என்னுது. மத்ததெல்லாம் அங்கிருந்து வர்றது."

"மரம் சாஞ்சு செத்த ரெண்டு ஆம்பளைங்க?"

பாலுசாமியின் முகம் நிஜமாகவே மாறியது. "அப்பிடியா? எனக்கு வரலீங்களே. வந்தா உடுவனா?"

"கடுதாசி எழுதறது யாருங்க?"

"தெரியாது. பொள்ளாச்சித் தபால் முத்திரையோட வரும். அச்சுக் கோத்து முடிச்சதும் அடுப்புல போட்டுருவேன். யாருன்னு தெரிஞ்சுக்க நான் ஆசைப்பட்டதே இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சா, என்னை அடிச்சாலும் சொல்லோணும் இல்லீங்களா. தெரியலைன்னா என்னத்தைச் சொல்றது."

அந்தப் பேச்சு நஞ்சுண்டன் காதில் சரியாக ஏறவில்லை என்றுதான் சிக்கந்தருக்குப் பின்னால் தோன்றியது. அவர் வாசல் தாண்டும்போதே வேறு எதையோ மனதில் உருட்ட ஆரம்பித்திருந்தார்.

மத்தியானம் அறைக்குத் திரும்பியதும் சிக்கந்தர் வளையல் பெட்டியைத் திறந்து அடுக்க உட்கார்ந்தான். பெரிய வளையல்கள் கொண்டுபோன சரம் சரமாக அப்படியே இருந்தன.

"பாருங்கண்ணா இந்தக் கூத்தை. பச்சை, ஊதா, அரக்கு, ஒண்ணும் போகலை. புள்ளைங்களுக்குப் போடற கருவளையல் மட்டும் மத்தியானத்துக்குள்ள காலி. மஞ்சப் பொட்டு வெச்சுப் புதுசா ஆறு சோடி கெடச்சுது, மலைக்கே மொதத் தடவையா நாந்தான் கொண்டுபோனேன். அதுக்கு ஒரே அடிதடி. சாந்தாமணின்னு ஒரு அம்மணி, பேப்பர்ல ரெண்டு வாட்டி பேரு வந்துதே, அது ஒரு சோடி வாங்குச்சு. சோப்பைத் தடவிப் போட்டு உட்டேன். பொடுசு என்ற தாடியைப் புடிச்சுட்டு உடமாட்டேங்குது. எனக்கு இருக்கறதே நாலு மயிரு, அதையும் கேக்குதுங்க."

நஞ்சுண்டன் மெதுவாகத் திரும்பினார். "பேப்பர்ல பேரு வந்த பொம்பளைங்க நாப்பத்தியொரு பேரு. அதுல புள்ளையைப் பறிகுடுத்தவங்க பதினொண்ணு. மீதி முப்பது பேருல எத்தனை பேரு கருவளையல் வாங்கினாங்க?"

சிக்கந்தர் யோசித்தான். யோசிக்க யோசிக்க வாய் திறந்துகொண்டது. "முப்பது பேருமுங்கண்ணா. தனக்குன்னு கை நீட்டுனவ ஒருத்தி இல்லை."

"தோட்டத்துல எத்தனை பொம்பளைங்க?"

"ஐநூறு இருக்குமுங்க."

"ஐநூறுல நாப்பத்தியொண்ணு. அத்தனையும் கைக்கொழந்தைக்காரி." அவர் குனிந்து இதழ்களைப் புரட்டினார். சிவப்புக் கோடுகள் மேல் விரல் ஓடியது. "பகல் பத்து மணி. பகல் மூணு மணி. பத்து. மூணு. இதைப் பாரு, பத்து. ஞாயித்துக்கிழமைன்னு ஒரு எடத்துலகூட இல்லை. பெரியவங்க வயசு குத்துமதிப்பா நாப்பது, அம்பதுன்னு போட்டிருக்கு. கொழந்தைன்னா மட்டும் ஏழு மாசம், நாலு மாசம், தொண்ணூறு நாள். ஏம்ப்பா, கொழுந்து பறிக்கப் போறவங்க கைக்கொழந்தையை எங்க உடறாங்க?"

"புள்ளக்காம்பராவுலீங்க. நெட்டுக்கு ஒரு கொட்டகை. வரிசையாத் தொட்டில் கட்டியிருக்கும். ரெண்டு ஆயா. ஒண்ணு நாச்சியம்மாள்னு கொஞ்சம் வயசான அம்மா, இன்னொண்ணு பாவாத்தாள். பத்து மணிக்கும் மூணு மணிக்கும் தாயிங்க வந்து பால் குடுத்துட்டுப் போவாங்க. ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும். பாவாத்தாளை நான் லயத்துலதான் பார்த்தேன்."

"பால் குடுக்க வர்றவ பேசாம இருப்பாளா? மேஸ்திரி அடிச்சது, ஆஸ்பத்திரியில குடுத்தது, அத்தனையும் அங்க வந்து எறங்குது. மரம் சாஞ்சு செத்தவங்க ஊட்டுல கைக்கொழந்தை இல்லை, அதனால அது வரலை. இது பொறுக்கிப் போடறது இல்லை சிக்கந்தர். ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னல்ல தெரியறது அத்தனையும் சரி, தெரியாதது கெடையாது. வக்கீல் சாய்வுன்னு சொன்னாரே, அதுக்கு இதுதான் பதில்."

"தொட்டில் ஆட்டற கையா கம்பெனியையே ஆட்டிப்போட்டுது," என்றான் சிக்கந்தர். அவனுக்கும் பெருமை தாங்கவில்லை. என்ன இருந்தாலும் கண்டுபிடித்துக் கொடுத்தது அவன் பெட்டியல்லவா.

நஞ்சுண்டன் ஒன்பது பக்கம் எழுதினார். வசவு எத்தனை, செய்தி எத்தனை, சரி எத்தனை, தப்பு எத்தனை. 'பத்திரிகையின் பாஷை ஒருசார்புடையது. அதன் விவரங்கள் நம்பத்தக்கவை' என்று முடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசிப் பக்கத்தில் இன்னொரு பாரா சேர்த்தார். விவரங்கள் ஏன் ஒரு பக்கமாகவே வருகின்றன என்பதற்குக் காரணம், எழுதுகிறவர் குழந்தைக் கொட்டகையில் இருப்பவர் என்பதே. எழுதிவிட்டு அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். சிக்கந்தர் கை தட்டினான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ரங்கராஜின் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி வந்தது. வக்கீல் ஒன்பது பக்கத்தையும் வாங்கி, முதல் பக்கத்தைப் பார்க்கவேயில்லை. கட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை எடுத்தார். படித்தார். மீதி எட்டையும் மேஜை ஓரத்தில் கவிழ்த்து வைத்தார்.

காப்பித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோன சிக்கந்தரின் கை அப்படியே நின்றது. வளையல் விற்கிறவனுக்குத் தெரியும், எதை வாங்க வந்தவள் எதை முதலில் தொடுவாள் என்று.

"புள்ளக்காம்பராவுல ரெண்டு ஆயா, இல்லீங்களா?" என்றார் ரங்கராஜ். "எழுதப் படிக்கத் தெரிஞ்சது யாருன்னு எஸ்டேட்ல சொல்லீருவாங்க." ஒரு சின்னத் தாளில் நாலு வரி எழுதி, வாசலில் நின்ற சேவகனிடம் நீட்டினார். "தந்தியாபீஸ். அவசரம்."

"எதுக்குங்க தந்தி?" நஞ்சுண்டனுக்கு இன்னும் விளங்கவில்லை. "பத்திரிகை சரின்னு எழுதியிருக்கறேன். கேஸை வாபஸ்..."

"கேஸ் நடக்குமுங்க." மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து, நஞ்சுண்டன் படிக்கத் தோதாகத் திருப்பி வைத்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகல். பதினோரு பெயர். பதினோரு தேதி. 'தோட்டக்குர'லின் நாலாம் பக்கத்தில் இருந்ததற்கும் அதற்கும் ஒரு புள்ளி வித்தியாசமில்லை.

"இது உங்ககிட்ட எப்பத்துல இருந்து இருக்குங்க?" என்று கேட்டான் சிக்கந்தர்.

"கேஸ் போட்ட அன்னிக்கே."

"அப்ப நெசம்னு தெரிஞ்சுட்டேதானுங்களா எங்களை அனுப்புனீங்க?"

"பொய்ப் பத்திரிகையா இருந்தா நாலு பேரு படிச்சுச் சிரிச்சுட்டுப் போயிருவாங்க. நெசத்தை எழுதறதுனாலதானுங்க ஆளைத் தேட வேண்டியிருக்குது. அஞ்சு மாசமா கங்காணிங்களை உட்டுத் தேடினோம், ஆகலை. வெவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் ஒக்காந்து, எது சரி, எதுல தப்பு, ஏன் தப்புன்னு பார்த்தா ஆளு தானா வெளிய வந்துரும்னு எனக்குத் தோணுச்சு." ரங்கராஜ் எழுந்து கும்பிட்டார். "உங்க மூளைக்கு ஒரு கும்புடு போடோணுமுங்க."

"அது தப்பா இருக்குமுங்க," என்றான் சிக்கந்தர். "எங்கண்ணாவுக்கு பத்து வரைக்கும்தானுங்க எண்ணத் தெரியும். அதுக்கு மேல குத்துமதிப்பு. நானும் ஒரு புளுகன்."

அவனுடைய தமாஷுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வக்கீல் சிரித்தார். சேவகன் அதற்குள் தெருமுனை தாண்டியிருந்தான். சிக்கந்தர் ஓடிப் பார்த்தான். தந்தி போய்விட்டது என்று தந்தியாபீஸ் குமாஸ்தா கையை விரித்தார்.

இனி நேரில் போய்த்தான் அந்த ஆயாவைக் காப்பாற்ற வேண்டும். மலைக்குப் போகிற பஸ் பொள்ளாச்சியிலிருந்து காலையில் ஒன்றே ஒன்று. இருவரும் சாயங்கால ரயிலில் பொள்ளாச்சி போய், ஸ்டேஷனிலேயே முடங்கிக் கிடந்து, வெள்ளிக்கிழமை விடிந்ததும் அந்தப் பஸ்ஸில் ஏறினார்கள். வெள்ளிக்கிழமை உள்ளே விடமாட்டார்கள் என்றாலும், எஸ்டேட் வாசலில் போய் நிற்க ஒரு சாக்காகச் சிக்கந்தர் வளையல் பெட்டியையும் எடுத்து வந்திருந்தான். மழை பிடித்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு பஸ் முக்கிக்கொண்டு ஏறியது. ஆளியாறு தாண்டியதும் நஞ்சுண்டன் சிக்கந்தர் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடைசிப் பாரா எதுக்கு எழுதினேன் தெரியுமா?" என்றார் திடீரென்று. "கேஸுக்கு அது வேண்டியதே இல்லை. என்ற மூளையை அந்த ஆளு மெச்சோணும். அவ்வளவுதான். பாலுசாமி சொன்னானே, தெரிஞ்சுக்க ஆசைப்பட்டதே இல்லைன்னு. வசவா எழுதறவன், முரடன்னு நெனச்சேன். அவனுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமப் போச்சு."

"கை தட்டினது நாந்தானுங்கண்ணா," என்றான் சிக்கந்தர்.

அட்டகட்டியில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நின்றது. சாலையோரப் பாலத்துக் கட்டையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கம்பளி இல்லை. நனைந்த புடவை. காலில் அட்டை கடித்த ரத்தம் காயாமல் ஓடியது. மடியில் ஒரு துணி மூட்டை. அவள்தான் முதலில் பேசினாள்.

"வளையக்காரண்ணா, மேலயா போறீங்க? மஞ்சப் பொட்டு வளையல் நெம்ப நல்லா இருக்குதுன்னு அல்லாரும் சொன்னாங்க."

சிக்கந்தர் இறங்கி ஓடினான். "பாவாத்தாளுங்களா?"

"நேத்து அந்தியில என்னை கேட்டுக்கு வெளிய தாட்டி உட்டுட்டாங்க. லயத்துல ஒருத்தரும் கதவு தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு. எஸ்டேட் சீட்டு இல்லாம பஸ்ஸுல ஏத்த மாட்டாங்களே, அதான் விடிய விடிய நடந்தேன்." காய்ச்சலில் அவள் பல் கிட்டியது. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளுக்குப் போர்த்தினார் நஞ்சுண்டன்.

"அம்மணி," என்றார். "உங்களைக் காட்டிக் குடுத்தது நானுங்க. கோயமுத்தூர்ல இருந்து. பத்திரிகையைப் படிச்சுப் பார்த்து, நீங்கதான் எழுதறீங்கன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

பாவாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அஞ்சு மாசமாத் தேடுனாங்க. கங்காணி மூணு பேரைக் கட்டி வெச்சு அடிச்சான். நாப்பது தாயிங்களுக்குத் தெரியும், ஒருத்தி வாயைத் தொறக்கலை. நீங்க ஊருல ஒக்காந்துட்டே கண்டுபிடிச்சுப்போட்டீங்களா?"

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நஞ்சுண்டன் தாங்கியிருப்பார். மழையில் அந்த மனிதர் தலை குனிந்து நின்றதைச் சிக்கந்தரால் பார்க்க முடியவில்லை.

அவள் மூட்டையை அவிழ்த்தாள். சணல் கயிறு ஒன்றில் கோத்த சின்னச் சின்னக் கருவளையல்கள். "புள்ளை போயிட்டா கையில இருக்கறதைக் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டுப் போவாங்க. ஊட்டுல வெச்சுக்கவும் மனசு வராது, எறியவும் மனசு வராது இல்லீங்களா. இதைப் பார்த்துத்தான் எழுதுவேன். பத்திரிகையில போட்டப்ப பதினொரு சோடி. இப்பப் பதிமூணுங்க."

சிக்கந்தர் கயிற்றைக் கையில் வாங்கினான். நுனியில் இருந்த ஜோடியில் மஞ்சள் பொட்டு.

"சாந்தாமணி புள்ளை," என்றாள் பாவாத்தாள். "புதன்கிழமை, பகல் பத்து மணி. அஞ்சு மாசம், பன்னெண்டு நாள்."

புதன்கிழமை பகலில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சிக்கந்தருக்கு நினைவு வந்தது. நீலப் பென்சிலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். தாடியில் அந்த விரல்கள் இழுத்த இடம் இன்னும் வலிக்கிற மாதிரி இருந்தது. அவன் அழுதான். ஒளிக்கவில்லை.

நஞ்சுண்டன் மெதுவாகச் சொன்னார். "திங்கக்கிழமை கோர்ட்டுல இதைக் காட்டி நீங்க சாட்சி சொல்லோணுமுங்க. இத்தனை நாள் பேரில்லாத கடுதாசி. அதை கோர்ட்டு எடுத்துக்காது. இப்ப நீங்களே வந்து நின்னா பாலுசாமி தப்பிச்சுக்குவாரு. அவங்களே உங்களை வெளிய தள்ளி எங்க கையில குடுத்துட்டாங்க."

"சொல்றேனுங்க. எனக்கென்ன இனிமே." கயிற்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஆனா மேல இன்னும் எழுவது தொட்டில் ஆடுது. காய்ச்சல் ஓயலை. நாச்சியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. நாளையில இருந்து ஒரு புள்ளை போச்சுன்னா அங்க யாருங்க எண்ணறது?"

நஞ்சுண்டன் மேலே மலையைப் பார்த்தார்.

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். கோயமுத்தூர்ப் பக்கம் இறங்குகிற லாரி ஒன்று எதிரே வந்து நின்றது. சிக்கந்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குள் இருந்த வளையல் பெட்டியைப் பார்த்தான்.

"நீங்க அம்மணியைக் கூட்டிட்டு லாரியில கீழ போங்கண்ணா. நான் மேல போறேன்."

"பைத்தியமா? தெரிஞ்சா உசுரு தங்காது."

"வக்கீலுக்குத்தானுங்க என்னைத் தெரியும். மலைக்கு நான் வளையக்காரன். வால்பாறைச் சந்தையில தங்கிக்கறேன். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை உள்ள போனாப் போதும். எந்தக் கையில எல்லாம் நான் கருவளையல் போட்டனோ, அந்தக் கையை வாராவாரம் தேடிப் பார்ப்பேன். இல்லாத கையை எண்ணிக்க எனக்குத் தெரியாதுங்களா?" பாவாத்தாளிடம் திரும்பினான். "அக்கா, கடுதாசியைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய்ப் போட்டது யாருங்க? அவங்க மட்டும் எனக்கு வேணும்."

பாவாத்தாள் தயங்கினாள். அவள் கண் நஞ்சுண்டன் பக்கம் போயிற்று.

நஞ்சுண்டனுக்குப் புரிந்தது. திரும்பினார். சாலையைக் கடந்து, பள்ளத்தாக்கு ஓரம் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். இரண்டு கைகளாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டார். மழை அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. இருபது வருஷமாக எதையும் தெரிந்துகொள்ளாமல் விட்டதில்லை அந்த மனிதர்.

பாவாத்தாள் சிக்கந்தரின் காதருகே குனிந்து ஒரு பெயரைச் சொன்னாள்.

பஸ் கிளம்பி அடுத்த வளைவில் திரும்பும்போது சிக்கந்தர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். நஞ்சுண்டன் இன்னும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.